அபின் பதிவேடும் அளந்த மருந்தும்

அட்டனைக் கடந்து நானுஓயாவை நோக்கி ஏறும் புகையிரதம், தலவாக்கலையை அடையுமுன் கொட்டகலையில் சிறிது நேரம் நின்று செல்கின்றது. 1884ஆம் ஆண்டில் அட்டன் வரையும், அடுத்த ஆண்டில் நானுஓயா வரையும் போடப்பட்ட இப்பாதை, தோட்ட விளைபொருள்களைக் கொழும்புக்கு இறக்குவதற்காக மலையில் ஏற்றப்பட்டது. இன்று அதே பாதையில் நமது இளைஞர்களும் தலைநகரத்துக்கு இறங்குகின்றனர். கடைகளிலும் உணவுச்சாலைகளிலும் கட்டட வேலைகளிலும் உழைத்து, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் லயத்துக்குத் திரும்புகின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் உழைத்த பணத்தைக் கொண்டு வருகின்றனர். ஒருசிலர், பெற்றோர் அறியாத ஒரு நோயையும் உடன் கொண்டு வந்துவிடுகின்றனர்.

அவ்வாறு திரும்பிய ஒரு மகனைப் பற்றிக் கொட்டகலையில் ஒரு தாய் என்னிடம் பேசினாள். மகன் 'பவுடர்' என்று சொல்லப்படும் ஹெரோயினுக்கு அடிமையாகியிருந்தான். வீட்டுக் கதவைச் சாத்தி வைத்துப் பத்து நாள் காத்தார்கள், தேறினான், மறுபடியும் கொழும்புக்குப் போய் மறுபடியும் விழுந்தான். வெளிநாடுகளில் இதற்கு நாள்தோறும் கொடுக்கும் மருந்து ஒன்று உண்டென்று யாரோ அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். "பவுடர விடுறதுக்கு இன்னொரு போதை மருந்தாங்கய்யா? கள்ள விடச் சொல்லிச் சாராயத்தக் குடுக்கிற கதையால்ல இருக்கு!" என்று அவள் கேட்டாள்.

நேயர்களே, இது எளிதில் ஒதுக்கித் தள்ளத்தக்க கேள்வியன்று. அபினை வெல்லவென்று மனிதர் கையாண்ட மாற்று மருந்துகளின் வரலாற்றைப் பார்த்தால், அந்தத் தாயின் ஐயத்துக்கு அதில் மிகுந்த ஆதாரம் உண்டு. ஆயினும் அந்த ஐயத்துக்கு விடையும் அதே வரலாற்றிலேயே இருக்கின்றது. அதில் ஓர் ஏடு நமது இலங்கையில் எழுதப்பட்டது என்பதைப் பலர் அறியார்.

அபின் என்பது கசகசாச் செடியின் முற்றாத காயைக் கீறினால் வடியும் பால். காற்றுப் பட்டு அது கறுத்து இறுகும். வலியை ஆற்றவும், வயிற்றுப்போக்கை நிறுத்தவும், இருமலை அடக்கவும் பல நூற்றாண்டுகளாக வைத்தியர்கள் அதனைக் கையாண்டு வந்தனர். சித்த, ஆயுர்வேத, யூனானி முறைகள் மூன்றுமே அதனை அறிந்தவை. ஆனால் இந்த மருந்துக்கு ஒரு குணம் உண்டு. நாள்தோறும் உண்பவனுக்கு நேற்றைய அளவு இன்று போதாது. உண்பதை நிறுத்தினாலோ மூக்கும் கண்ணும் நீர் சொரியும்; வயிறு கலங்கும்; எலும்பெல்லாம் நோவும்; உறக்கம் வராது. இன்பத்துக்காகத் தொடங்கியவன் பின்னர் இந்தத் துன்பத்துக்கு அஞ்சியே உண்கின்றான். அவனை மனவலிமை அற்றவன் என்று ஊரார் இகழ்கின்றனர். அவனுடைய உடலே மாறிப் போயிருக்கின்றது என்பது பிற்காலத்தில்தான் தெளிவாயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரசாயன அறிஞர்கள் தாவரங்களிலிருந்து அவற்றின் வீரியச் சத்தைத் தனியே பிரிக்கக் கற்றனர். ஜெர்மனியில் செர்ட்யூர்னர் என்னும் இளம் மருந்தாளர் அபினிலிருந்து மோர்பினைப் பிரித்தெடுத்தார். 1820ஆம் ஆண்டில் பிரான்சில் பெல்லெத்தியே, கவந்து என்னும் இருவர் சிங்கோனா மரப்பட்டையிலிருந்து கொயினாவைப் பிரித்தெடுத்தனர். இந்தச் சிங்கோனாவை மலைநாட்டார் மறந்திருக்க மாட்டார்கள். 1861ஆம் ஆண்டில் அதன் கன்றுகள் ஹக்கலைத் தோட்டத்தில் நடப்பட்டன. கோப்பிச் செடியை நோய் அழித்தபின், தேயிலை முழுமையாகப் பரவுமுன், மலைநாட்டுத் தோட்டங்கள் பலவற்றில் சில காலம் சிங்கோனாவே காசு தந்த பயிராக இருந்தது. அதன் பட்டை மலேரியாக் காய்ச்சலைத் தணித்து எண்ணற்ற உயிர்களைக் காத்தது. இவ்விரு கண்டுபிடிப்புகளாலும் மருந்தை அளந்து கொடுக்க முடிந்தது. அதுவே பெரிய பயன். பட்டைத் தூளில் சத்து எவ்வளவு, அபின் உருண்டையில் சத்து எவ்வளவு என்று எவரும் அறியாத காலம் போய், இத்தனை கிரெயின் என்று நிறுத்துக் கொடுக்கும் காலம் வந்தது. அளவு என்னும் இச்சொல்லை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகின்றேன். நமது கதை முழுவதும் அதனைச் சுற்றியே செல்கின்றது.

அளவு தெரிந்ததும் அறிவும் வந்துவிட்டது என்று மருத்துவ உலகம் எண்ணியது. அங்கேதான் தவறு நேர்ந்தது. அபின் பழக்கத்தை மாற்ற மோர்பின் நல்லது என்று சிலர் நம்பினர். சீனாவில் கிறித்துவப் பாதிரிமார் சிலர் மோர்பின் கலந்த மாத்திரைகளை அபின் மாற்று மருந்தாக வழங்கினர். சீனர்கள் அதற்கு 'ஏசு அபின்' என்றே பெயரிட்டுவிட்டனர். மோர்பின் பழக்கத்தை மாற்றக் கொக்கெயின் உதவும் என்று 1884ஆம் ஆண்டில் வியன்னா நகரத்து இளம் வைத்தியராகிய சிக்மண்ட் பிராய்ட் எழுதினார். அவருடைய சொல்லைக் கேட்ட நண்பர் ஒருவர் மோர்பினோடு கொக்கெயினுக்கும் அடிமையானார். 1898ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பேயர் நிறுவனம் இருமலுக்கென்று ஒரு புதிய மருந்தை விற்பனைக்கு விட்டது. மோர்பினைப் போலப் பழக்கத்தை உண்டாக்காதது என்று அது புகழப்பட்டது. மோர்பின் அடிமைகளுக்கு அது மாற்றாகும் என்று சொன்ன வைத்தியர்களும் இருந்தனர். அந்த மருந்தின் பெயர்தான் ஹெரோயின். கள்ளுக்குச் சாராயம் என்று கொட்டகலைத் தாய் சொன்ன உவமை இங்கே முற்றிலும் பொருந்துகின்றது அல்லவா?

இவற்றோடு ஒப்பிட வேண்டிய இன்னொரு நிகழ்ச்சி மலாயாவில் நடந்தது. மலாயாத் தோட்டங்களுக்கும் தமிழ் மக்கள் தொழிலாளராகச் சென்ற காலம் அது. அங்கே அபின் பழக்கம் பெரும்பாலும் சீனத் தொழிலாளரிடையே பரவியிருந்தது. 1906, 1907ஆம் ஆண்டுகளில் சிலாங்கூர்ப் பகுதியில் ஒரு காட்டுக்கொடியின் இலை அபின் பழக்கத்தை முறிக்கும் என்ற செய்தி எழுந்து, காட்டுத் தீப்போல் பரவியது. இலையைப் பறித்து உலர்த்தி, வறுத்து, தேநீரைப் போலக் கொதிக்க வைத்து, அந்தக் கஷாயத்தை இலவசமாக வழங்கினர். ஆயிரக்கணக்கானோர் வந்து வாங்கிச் சென்றனர். அறிஞர்கள் அந்த இலையைச் சோதித்தபோது, அபின் பழக்கத்தை மாற்றவல்ல தனிச்சத்து எதுவும் அதில் தென்படவில்லை. பரபரப்பும் விரைவில் அடங்கியது.

ஆயினும் அந்தக் கஷாயத்தை உண்ட முறையில் ஒரு நுட்பம் இருந்தது. கஷாயத்தை இரண்டு போத்தல்களில் நிரப்புவர். ஒன்றில் நோயாளி வழக்கமாக உண்ணும் அபினைக் கலப்பர். அதிலிருந்து ஒரு வேளைக்குரியதைக் குடித்தபின், குறைந்த அளவை அபின் கலவாத மற்றப் போத்தலிலிருந்து ஊற்றி நிறைப்பர். இவ்வாறு செய்யச் செய்ய, நோயாளி அறியாமலே அபினின் அளவு நாள்தோறும் குறைந்து வரும். இலை செய்யாத வேலையைச் சிறிது சிறிதாகக் குறைந்த அளவு செய்தது. குணமடைந்தோர் எவரேனும் இருந்தால், அவர்கள் அதற்கே கடமைப்பட்டவர்கள்.

இனி இலங்கைக்கு வருவோம். பிரித்தானிய ஆட்சியில் அபின் இந்தியாவிலிருந்து இங்கே இறக்குமதி செய்யப்பட்டது. அனுமதி பெற்ற கடைகளில் அதனை விற்றனர். அந்த அனுமதி அரசாங்கத்துக்கு வருமானம் தந்தது. மதுவிலக்கு இயக்கம் வலுப்பெற்ற இந்த நூற்றாண்டுத் தொடக்கத்தில், சென்ற நூற்றாண்டின் தொடக்கம் என்று இன்று சொல்ல வேண்டும், அபின் கடைகளுக்கு எதிராகவும் குரல் எழுந்தது. 1907ஆம் ஆண்டில் இவ்விடயத்தை ஆராய ஒரு குழு நியமிக்கப்பட்டது. 1908ஆம் ஆண்டு மே மாதத்தில், ஹொங்கொங், இலங்கை முதலிய குடியேற்ற நாடுகளின் அபின் நிலைமை இலண்டன் பாராளுமன்றத்திலேயே விவாதிக்கப்பட்டது. இவற்றின் விளைவாக 1910ஆம் ஆண்டின் ஐந்தாம் இலக்க அபின் கட்டளைச் சட்டம் இலங்கையில் பிறந்தது.

அந்தச் சட்டம் செய்த ஏற்பாடு கவனிக்கத்தக்கது. தனியார் கடைகள் மூடப்பட்டன. அபினைத் தருவிப்பதும் வழங்குவதும் அரசாங்கத்தின் பொறுப்பாயின. ஆனால் நெடுங்காலமாக அபின் உண்டு பழகியவர்களைச் சட்டம் வீதியில் விடவில்லை. வளர்ந்தோராகிய அவர்களுடைய பெயர்கள் ஒரு பதிவேட்டில் எழுதப்பட்டன. பதிவு பெற்றவருக்கு அளவிட்ட அபின் அரசாங்க வைத்தியப் பகுதியின் வழியாகக் கிடைத்தது. நாட்டு வைத்தியர்களுக்கும் தனியே பதிவு இருந்தது; மருந்து செய்யத் தேவையான அபினை அவர்களும் பெற்றனர். புதியவர்கள் பழகாதிருக்க வேண்டும், பழகியவர்கள் துன்பத்துக்கும் களவுக்கும் தள்ளப்படாதிருக்க வேண்டும் என்னும் இரண்டு நோக்கங்களை ஒரே பதிவேடு தாங்கி நின்றது. ஆண்டுகள் செல்லச் செல்லப் பதிவேட்டுப் பெயர்கள் குறைந்தன. 1929ஆம் ஆண்டில் நஞ்சு, அபின், அபாயகரமான மருந்துகள் பற்றிய பதினேழாம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்து, இவ்விடயங்கள் அனைத்தையும் ஒரு குடையின்கீழ்க் கொண்டு வந்தது.

இந்த ஏற்பாட்டைக் குற்றமற்றது என்று நான் சொல்ல வரவில்லை. அடிமைப்பட்டவனுக்குப் புதுவாழ்வு காட்டும் முயற்சி அதில் இல்லை. ஆலோசனை இல்லை; தொழில் இல்லை; குடும்பத்துக்கு ஆறுதல் இல்லை. பதிவேட்டிலுள்ள பெயர்கள் முதுமையாலும் மரணத்தாலும் தாமே மறையட்டும் என்று அரசாங்கம் காத்திருந்தது. அபினும் சில மணி நேரமே வேலை செய்யும் மருந்தாதலால், உண்டவன் எப்போதும் அடுத்த வேளையையே எதிர்நோக்கி இருந்தான். ஆனால் ஓர் உண்மையை அந்தப் பதிவேடு ஒப்புக்கொண்டது. அபின் உண்பவன் குற்றவாளி அல்லன், அளவோடு மருந்து பெறவேண்டிய ஒரு மனிதன் என்பதே அது.

இந்த உண்மையை உலகம் எளிதாக ஏற்றுக்கொள்ளவில்லை. அமெரிக்காவில் 1914ஆம் ஆண்டில் ஹாரிசன் சட்டம் நிறைவேறியபின், அடிமைப்பட்டவர்களுக்கு மருந்து வழங்க நாற்பதுக்கும் மேற்பட்ட நகரங்களில் மருந்தகங்கள் திறக்கப்பட்டன. நீதிமன்றமும் அரசாங்கமும் அதனை மருத்துவமென ஏற்கவில்லை. 1923ஆம் ஆண்டுக்குள் எல்லாம் மூடப்பட்டன. வைத்தியர்கள் பலர் சிறைக்கு அஞ்சிக் கதவடைத்தனர். நோயாளிகள் கள்ளச் சந்தைக்குச் சென்றனர். இங்கிலாந்திலோ 1926ஆம் ஆண்டில் ரோல்ஸ்டன் குழு வேறு முடிவு கூறியது. மருந்தை முற்றாக நிறுத்த முடியாத நோயாளி, சிறிய அளவோடு பயனுள்ள வாழ்க்கை நடத்த முடியுமாயின், அதனை அவனுக்கு எழுதிக் கொடுக்க வைத்தியருக்கு உரிமை உண்டு என்பது அக்குழுவின் கருத்து. சுதந்திர இந்தியாவில் 1949ஆம் ஆண்டு கூடிய அகில இந்திய அபின் மகாநாடு, மருத்துவம் அல்லாத அபின் வழங்கலை ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்து, 1959ஆம் ஆண்டில் நிறுத்துவதெனத் தீர்மானித்தது. அங்கும் மருத்துவச் சான்று பெற்ற பழைய அடிமைகள் பதிவேட்டில் இடம்பெற்றுத் தமது பங்கைப் பெற்றனர்.

திருப்பம் 1964ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரத்தில் நேர்ந்தது. ரொக்பெல்லர் நிறுவனத்தில் வின்சென்ட் டோல் என்னும் ஆராய்ச்சியாளர் இருந்தார். உடற்பருமன் முதலிய நோய்களை ஆராய்ந்தவர் அவர். அடிமைப்பட்டவர்களோடு பல ஆண்டுகள் பழகிய மாரி நைஸ்வாண்டர் என்னும் மனநோய் வைத்தியரும், மேரி ஜீன் கிரீக் என்னும் இளம் வைத்தியரும் அவருடன் சேர்ந்தனர். முதலில் ஹெரோயின் அடிமைகள் இருவருக்கு மோர்பினையே கொடுத்துப் பார்த்தனர். அளவு ஏறிக்கொண்டே போனது. நோயாளிகள் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்து, அடுத்த ஊசி எப்போது என்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தனர். பின்னர் அவர்களுக்கு மெதடோன் என்னும் மருந்து கொடுக்கப்பட்டது. அது ஜெர்மனியில் 1930களின் இறுதியில் வலி நீக்கியாகச் செய்யப்பட்டது. சில வாரங்களில் வைத்தியர்கள் வியந்தனர். ஒருவர் சித்திரம் வரையத் தொடங்கினார். மற்றவர் விட்ட படிப்பைத் தொடர விரும்பினார். மருந்தைப் பற்றிய பேச்சே குறைந்து, வாழ்க்கையைப் பற்றிய பேச்சு எழுந்தது. 1965ஆம் ஆண்டில் இருபத்திரண்டு நோயாளிகளின் வரலாற்றை டோலும் நைஸ்வாண்டரும் வெளியிட்டனர்.

மோர்பின் செய்யாததை மெதடோன் எவ்வாறு செய்தது? 1973ஆம் ஆண்டில், அபின் வகை மருந்துகள் சென்று பொருந்துவதற்கென்றே மூளையில் சில ஏற்பிகள் இருப்பதை ஆராய்ச்சியாளர்கள் நிறுவினர். 1975ஆம் ஆண்டில், அந்த இடங்களுக்குரிய இயற்கைப் பொருள்களை நமது மூளையே சுரக்கின்றது என்று ஸ்கொத்லாந்தின் அபர்டீன் நகரத்தில் ஹியூஸ், கொஸ்டர்லிட்ஸ் ஆகியோர் கண்டனர். ஹெரோயின் அந்த இடங்களை ஒரே பாய்ச்சலில் நிரப்பி, சில மணி நேரத்தில் காலியாக்கிச் செல்கின்றது. ஒரு நாளைக்குள் போதையும் வேதனையும் பலமுறை மாறி மாறி வருகின்றன. வாயால் உண்ணும் மெதடோனோ மெல்ல ஏறி, ஒரு நாளுக்குக் குறையாமல் ஒரே சீராக நிற்கின்றது.

தேயிலை மலையில் வாழும் நமக்கு இதனை விளக்குவது எளிது. ஒரே மூச்சில் கொட்டும் பெருமழை மேல்மண்ணை அரித்து ஆற்றில் சேர்க்கின்றது. அதே அளவு நீர் நாள் முழுவதும் தூறலாக விழுந்தால் வேர் நனைகின்றது, கொழுந்து தளிர்க்கின்றது. நீர் ஒன்றே, விழும் வேகமும் அளவும் வேறு. சரியான அளவில் மெதடோன் பெறுபவன் போதையில் மயங்குவதில்லை, வாதனையிலும் துடிப்பதில்லை. காலையில் மருந்தை உண்டுவிட்டுப் பிரட்டுக்குப் போகலாம். மாலையில் பிள்ளைகளோடு இருக்கலாம்.

மெதடோனுக்கும் ஆபத்து உண்டு. அளவு மிஞ்சினால் மூச்சை நிறுத்தும். சிறுவர் கையில் அகப்பட்டால் உயிரைக் கொள்ளும். ஆகவேதான் பல நாடுகளில் அதனைத் தாதியின் கண்முன்னே குடிக்கச் செய்கின்றனர். இதனினும் பாதுகாப்பான ஒரு மருந்தை இங்கிலாந்தின் ஹல் நகரத்தில் ஜோன் லூயிஸ் என்பாரின் குழு 1966ஆம் ஆண்டில் ஆக்கியது. புப்ரெனோர்பின் என்பது அதன் பெயர். அது ஏற்பியைப் பாதியளவே தூண்டுகின்றது. ஓர் எல்லைக்குமேல் அளவைக் கூட்டினாலும் மயக்கம் கூடுவதில்லை. நாவின்கீழ் வைத்துக் கரைக்கும் மாத்திரையாக அதனைக் கொடுக்கின்றனர். 1996ஆம் ஆண்டிலிருந்து பிரான்சில் ஊர் வைத்தியர்களே அதனை எழுதிக் கொடுக்கலாயினர். ஹெரோயின் முதலியவற்றை மிகையாக உண்டு இறந்தோர் தொகை அந்நாட்டில் நான்கைந்து ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது.

மூன்றாவது வழி முற்றிலும் வேறானது. நல்ட்ரெக்சோன் என்னும் மருந்து ஏற்பியைத் தூண்டாமல் அதனை அடைத்துக்கொள்கின்றது. பின்னர் ஹெரோயினை உண்டாலும் பயன் இல்லை. 1984ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. மாதம் ஒருமுறை போடும் ஊசியாக 2010ஆம் ஆண்டில் வந்தது. அதனைத் தொடங்குமுன் ஏழு முதல் பத்து நாட்கள் வரை அபின் வகை எதுவும் உடலில் சேராதிருக்க வேண்டும் என்பதால், பலர் அந்த வாயிலைத் தாண்ட முடியாமல் நின்றுவிடுகின்றனர். குளோனிடின் என்னும் இரத்த அழுத்த மருந்து, நிறுத்தும் நாட்களின் நடுக்கத்தையும் வியர்வையையும் தணிக்கின்றது. ஈரானில் அபின் கரைசலையே அளந்து கொடுக்கும் முறையும் கையாளப்பட்டுள்ளது. அதனைப் படிக்கும்போது 1910ஆம் ஆண்டின் இலங்கைப் பதிவேடு நினைவுக்கு வராமற் போகாது.

1908ஆம் ஆண்டில் இலங்கையோடு சேர்த்து இலண்டனில் பேசப்பட்ட ஹொங்கொங், 1972ஆம் ஆண்டில் மெதடோன் முறையைப் பரீட்சித்து, பின்னர் நகரமெங்கும் விரிவாக்கியது. காட்டிலைக் கஷாயத்தை நம்பிய மலாயா, மலேசியாவாக வளர்ந்து, 2005ஆம் ஆண்டில் மெதடோன் திட்டத்தைத் தொடங்கியது. அதே 2005ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் மெதடோனையும் புப்ரெனோர்பினையும் இன்றியமையாத மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. இச்சிகிச்சையில் நிலைத்திருப்போரிடையே மரணவீதம், அதற்கு வெளியே இருப்போரின் வீதத்தில் பாதிக்கும் குறைவு என்பது பல நாட்டு ஆராய்ச்சிகளின் முடிவாகும். ஊசி வழியாகப் பரவும் எயிட்ஸ் நோயும் இதனால் குறைகின்றது.

தமிழ்நாட்டின் அனுபவத்தில் நமக்கு இரண்டு பாடங்கள் உண்டு. சென்னையில் 1980ஆம் ஆண்டில் சாந்தி ரங்கநாதன் அம்மையார் தொடங்கிய டி. டி. ரங்கநாதன் ஆராய்ச்சி நிலையம், குடிக்கும் போதைக்கும் அடிமைப்பட்டவரை நோயாளியாக நடத்தி, அவருடைய குடும்பத்தையும் சிகிச்சைக்குள் அழைத்தது. மருந்தால் மட்டும் வாழ்வு திரும்புவதில்லை என்பது முதற் பாடம். அதே சென்னையில் 1990களில், வலிக்கென்று மருந்துக் கடைகளில் கிடைத்த புப்ரெனோர்பின் ஊசியை வைத்தியர் மேற்பார்வையின்றி வாங்கிப் பலர் தமக்குத் தாமே ஏற்றிக்கொண்டனர், அதற்கே அடிமையாயினர். 2007ஆம் ஆண்டில் தொடங்கிய தேசிய எயிட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்தில், அதே புப்ரெனோர்பின் நாவின்கீழ் வைக்கும் மாத்திரையாக, தாதியின் முன்னிலையில், நாள்தோறும் கணக்கெழுதி வழங்கப்படலாயிற்று. தெருவில் நஞ்சாயிருந்தது நிலையத்தில் மருந்தாயிற்று. இது இரண்டாம் பாடம்.

இலங்கையில் ஹெரோயின் 1980களின் தொடக்கத்தில் பரவியது. 1984ஆம் ஆண்டில் அபாயகர மருந்துகள் கட்டுப்பாட்டுத் தேசிய சபை அமைக்கப்பட்டது. அதே ஆண்டில் 1929ஆம் ஆண்டுச் சட்டம் திருத்தப்பட்டு, கடத்துவோருக்கு மரண தண்டனை அல்லது ஆயுட் சிறை விதிக்கப்பட்டது. 2007ஆம் ஆண்டில் அடிமைப்பட்டோரின் சிகிச்சை, புனர்வாழ்வு பற்றிய சட்டம் வந்தது. கண்டி, காலி, தலங்கம, நிட்டம்புவ ஆகிய இடங்களில் சபையின் சிகிச்சை நிலையங்கள் இயங்கலாயின. 2023ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கிய 'யுக்திய' நடவடிக்கையில் பல்லாயிரக்கணக்கானோர் கைதாயினர். நம் நாட்டில் சிகிச்சை என்பது பெரும்பாலும் சில வாரங்கள் அல்லது மாதங்கள் விடுதியில் தங்கி, போதையை நிறுத்தி, ஆலோசனை பெற்று வீடு திரும்புவதாகவே இருந்து வந்துள்ளது. நாள்தோறும் அளந்து கொடுக்கும் மாற்று மருந்து முறை இங்கே பரவலாக வேரூன்றவில்லை.

இதில் ஓர் ஆபத்து மறைந்திருக்கின்றது. பெற்றோர் அதனை அறிதல் வேண்டும். சில வாரங்கள் போதையின்றி இருந்தவனுடைய உடல் பழைய அளவைத் தாங்கும் வலிமையை இழந்துவிடுகின்றது. சிறையிலிருந்தோ விடுதியிலிருந்தோ, தாய் சாத்திவைத்த லயத்துக் காம்பராவிலிருந்தோ வெளியே வந்து, பழைய அளவையே மறுபடியும் எடுத்தால், மூச்சு நின்றுவிடலாம். விடுபட்ட முதற் சில வாரங்களே மிகவும் கொடியவை. "பத்து நாளில் தேறிவிட்டான்" என்று குடும்பம் மகிழும் நாளிலேயே அவனுக்குக் காவல் அதிகம் வேண்டும். 'மனசு வைத்தால் விட்டுவிடலாம்' என்று நாம் சொல்லும் சொல், விழுந்தவனை வைத்தியரிடமிருந்து மறைந்து வாழச் செய்கின்றது. மறைந்து வாழ்பவன் தனியே இறக்கின்றான்.

மலைநாட்டில் இச்சிக்கலுக்குத் தூரமும் வெட்கமும் கூடுதல் சுமைகள். கண்டியிலுள்ள நிலையத்துக்குப் போய்வர ஒரு நாட் சம்பளம் போய்விடும். ஒரு சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பம் வாழும் லயத்தில் எதுவும் இரகசியமாக இருப்பதில்லை. இன்று அளந்து கொடுக்கும் மருந்து முறையை இந்நாடு விரிவாக ஏற்குமாயின், அது தலைநகரத்தோடு நின்றுவிடலாகாது. காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் மக்கள் நடந்து செல்லும் அரசாங்க வைத்தியசாலைகளிலேயே அது கிடைக்க வேண்டும். நாள்தோறும் பெறவேண்டிய மருந்து, நாள்தோறும் போகக்கூடிய தூரத்தில் இருந்தாலன்றிப் பயன் தராது.

அந்தத் தாய்க்கு நான் சொன்ன விடையை நேயர்களுக்கும் சொல்கின்றேன். "அம்மா, உங்கள் ஐயம் நியாயமானது. மோர்பினுக்கு ஹெரோயினைக் கொடுத்த உலகம் இது. ஆனால் அங்கே மருந்தை விற்றவர் அளவையும் காவலையும் ஆபத்தையும் சொல்லவில்லை. இங்கே வைத்தியர் அளக்கிறார், தாதி பார்க்கிறார், பதிவேட்டில் எழுதுகிறார்கள், ஆபத்தையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். இது நோயை ஒரே நாளில் ஒழிக்கும் என்று அவர்கள் சொல்வதில்லை. நீரிழிவுக்காரருக்கு இன்சுலினைப் போல, சிலருக்குச் சில மாதங்கள், சிலருக்குப் பல ஆண்டுகள் வேண்டியிருக்கும். கடையில் யாரோ தரும் மாத்திரையை வாங்காதீர்கள். திடீரென்று எதையும் நிறுத்தாதீர்கள். மகனை அழைத்துக்கொண்டு அரசாங்க வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். அவன் மறுபடியும் விழுந்தாலும் மறுபடியும் அழைத்துப் போங்கள்."

அவள் சிறிது நேரம் பேசாமலிருந்தாள். பின்பு, "அவன் உசிரோட இருந்தாத்தானேங்கய்யா திருந்துறதுக்கு" என்றாள்.

1910ஆம் ஆண்டில் பதிவேட்டை விரித்து வைத்த அதிகாரிகள் இதனை இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை. எனினும் அபின் உண்பவனின் பெயரை எழுதிக்கொண்டு, அவனுக்குரிய அளவை அவன் கையில் கொடுத்தபோது, அவர்கள் செய்ததன் பொருள் இதுவே. கைது செய்வோர் பட்டியலிலன்றி மருந்து பெறுவோர் பதிவேட்டில் அவனுடைய பெயரை எழுதும் வழக்கம் இந்நாட்டுக்குப் புதியதன்று. அதனை இன்றைய அறிவோடும் இன்றைய மருந்தோடும் மறுபடியும் தொடங்குவது நம் கையில் இருக்கின்றது.